நாலு மணி நேரந்தான்

எனக்கு எழுத்து கோணலா வரும், மறதியும் உண்டு; பொறுத்துக்கோங்க.

துபாயில இருக்குற மகன் எப்பவும், "மதுரைக்கு விமானத்துல நாலு மணி நேரந்தாம்மா" என்பான். ராஜபாளையத்துல அவன் அப்பா காலையில இறந்ததும் கொழுந்தனார், "மதினி, ஐஸ்பெட்டி சொல்லட்டுமா?" என்றார். "எதுக்கு? மத்தியானம் வந்துருவான்" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் மாதிரி, போய் நின்னா ஏறிக்கலாம்னு நெனச்சிட்டேன்.

சாயங்காலம் மகன் போன்ல அழுதான். "இன்னைக்கு டிக்கெட்டே இல்லம்மா. நாளைக்குத்தான் வாரேன்."

அதுக்குப் பொறவு அலைஞ்சும் பெட்டி கிடைக்கல. சித்திரை வெயிலுக்கு உடம்பு தாங்காதுன்னு இருட்டுமுன்ன எடுத்துட்டாங்க.

மறுநாள் வந்தவன் சாம்பலைத்தான் பார்த்தான். வீட்டுக்கு வந்து, "அம்புட்டு அவசரமாம்மா?" என்று கேட்டான். பெட்டி வேண்டாம்னது நான்தான்னு இன்னும் அவன்கிட்ட சொல்லல.

துபாய்க்கும் மதுரைக்கும் நாலு மணி நேரந்தானான்னு தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுங்க.