சென்ஸோ வழியனுப்பிய விருந்தாளி

பெப்பு நகரில் வெந்நீர் ஊற்றுக்குப் பஞ்சமே இல்லை. சாக்கடை மூடி வழியாகக்கூட ஆவி வரும். அந்த ஊரில் ஒரு மனிதர், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி இரண்டு வருடமாகப் பொதுக்குளியலறைக்கு டிமிக்கி கொடுத்தால் யார் நம்புவார்கள்? குராமோச்சி சென்ஸோ அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரிந்தார் என்பதும் தப்பு. மூன்றாம் மாடியை விட்டு இறங்கினால்தானே திரிவதற்கு? லிஃப்ட் இல்லாத கட்டடம் அது.

மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வெளியே போக அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஊறுகாயும் சோறுமாக ஓட்டினார். கால் சூம்பியது. ஒருநாள் பொதுக்குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, பயம்தான் ஒட்டிக்கொண்டது. பயந்து உட்கார்ந்ததில் கால் இன்னும் இளைத்தது. கால் இளைக்க இளைக்கப் பயம் கொழுத்தது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி. கழுத்துவரை வெந்நீரில் கிடப்பதாகக் கனவு கண்டு, விழித்து அழுதிருக்கிறார் பாவம்.

முதியோர் நிலையத்தில் வண்டி அனுப்பி அழைத்துப்போய்க் குளிப்பாட்டுவார்கள். ஆனால் நகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, இவருக்குத் துணை தேவை என்று எழுத வேண்டும். நோபுவே என்ற மகள், அந்த ஆள் வருவதற்கு முதல் நாளே வந்து பாடம் எடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு வர்றவங்ககிட்ட வீறாப்பு காட்டாதீங்க. நீங்க நடிக்கவே வேண்டாம். நடிக்காம இருந்தாலே போதும்."

"எல்லாம் எனக்குத் தெரியும், போடி."

என்ன தெரியும்! வேலை பார்த்த காலமெல்லாம் வெந்நீர் விடுதி வாசலில் நின்று, வந்தவர்களை வரவேற்று வழியனுப்பிய மனிதர் அவர். அழைப்புமணி அடித்ததுதான் தாமதம், நோபுவே எழுவதற்குள் வாசலில் நின்றார். ஹமனாக்கா என்ற நகராட்சிக்காரிக்குக் குனிந்து வீட்டுச் செருப்பை எடுத்து வைத்தார். முழங்கால் மடக்கென்றது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, ஒத்தைக் கால்ல நிக்க முடியுமா?"

"எந்தக் கால்ல நிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

நின்றார் பாவி மனுஷன், காதெல்லாம் சிவக்க.

"குளியல் எப்படி?"

"அதுக்கென்னம்மா? ஜாம்ஜாம்னு குளிக்கிறேன்."

நோபுவே தலையில் அடித்துக்கொண்டாள். "பொய்! அத்தனையும் பொய்!"

"எம் பொண்ணுக்கு எப்பவும் தமாஷ்தான்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார் சென்ஸோ.

ஹமனாக்கா இப்படிப்பட்ட சூரர்களை நிறையப் பார்த்தவள்தான். ஆனாலும் கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும்? பெருமூச்சு விட்டுக் கிளம்பினாள். விருந்தாளியை வாசலோடு விடுவதா? மகள் தடுக்கத் தடுக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். அவள் காரில் ஏறியதும், இடுப்பை மடித்துத் தரை பார்க்க வணங்கினார்.

அத்தோடு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

வணங்கி நிற்கும் பெரியவரை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்ப முடியுமா? ஹமனாக்கா கண்ணாடியை இறக்கித் தலை குனிந்தாள். அவர் நிமிரவில்லை. இறங்கி நன்றாகவே குனிந்தாள். அப்போதும் நிமிரவில்லை. பின்னால் வழி கிடைக்காமல் நின்ற பார்சல் வண்டிக்காரன், ஏதோ துக்க வீடு போலிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவனும் குனிந்தான். குப்பை போட வந்த கீழ்வீட்டுக்காரி, பையும் கையுமாகக் குனிந்தாள்.

மாடியிலிருந்து நோபுவே கத்தினாள்: "அப்பா! போதும், நிமிருங்க!"

"உள்ளே போடி! விருந்தாளி இன்னும் கிளம்பல!" என்றார் தரையைப் பார்த்து.

அந்தக் குரல் நடுங்கியதை ஹமனாக்கா கேட்டாள். பக்கத்தில் வந்து நின்றாள். "ஐயா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

ஒரு முகத்தைப் பார்த்து 'முடியவில்லை' என்று சொல்லியே பழக்கமில்லாதவர் சென்ஸோ. இப்போது முகமே தெரியவில்லை. அவள் காலில் ஒரு ஜோடி சப்பாத்து மட்டும் தெரிந்தது. அதனிடம் சொல்வதில் அவ்வளவு வெட்கமில்லை.

"பிடிச்சுக்கிச்சும்மா. எந்திரிக்கவே முடியல. குளிச்சு ரெண்டு வருஷமாச்சு. அந்தக் குளியலறைப் படியை நெனச்சாலே பயமா இருக்கு."

ஹமனாக்கா தோளைக் கொடுத்தாள். பற்றிக்கொண்டார். நிமிராமலேயே, மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கேள்வியெல்லாம் மறுபடியும் மொதல்லேருந்து கேளுங்கம்மா," என்றார்.