அம்மா வளர்த்த பூசணம்

கடப்பாரையை எருக்குழியின் நடுவில் குத்தி நிறுத்திவிட்டு வாசல் கூட்டப் போவாள் அம்மா. திரும்பி வந்து அதை உருவி, முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "காச்சல் நல்லாத்தான் அடிக்குதுங்க. அப்படியே இருங்க" என்பாள். அந்த 'ங்க' குழிக்குள் இருக்கும் பூசணத்துக்கு.

என் அம்மா கருப்பாத்தாளின் பேச்சில் என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் 'ங்க' உண்டு. நாயைக்கூட "போங்க அந்தப் பக்கம்" என்றுதான் விரட்டுவாள். அவளுடைய இன்னொரு வழக்கம், எதையும் வெயிலில் போடுவது. துவரை, புளி, ஊறுகாய் ஜாடி, தலையணை, என் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் வாரம் ஒருமுறை களத்தில் காயும். சளி பிடித்தால் என்னையும் கொண்டுபோய் நிறுத்துவாள்.

குழி அப்பா தோண்டியது. எங்கள் தோட்டம் பல்லடம் பக்கம். வைகாசியில் பறித்து முடித்த பருத்திச் செடிகளைப் பிடுங்கி, அந்தப் பருத்தி மாரை விறகாக்காமல் வண்டித் தடத்தில் பரப்பினார். சக்கரங்கள் ஏறி நசுங்கியதும் குழியில் அடுக்கிச் சாணி கரைத்து ஊற்றினார். ஆனியில் இறந்துபோனார். காளைகளை விற்றுவிட்டோம். ஏர் இரவல் கிடைக்கும். எரு கிடைக்காது. எரு இல்லாமல் அந்தச் செம்மண்ணில் ஒன்றும் விளையாது.

அப்பாவின் தம்பி நஞ்சுண்டன் சித்தப்பா வந்து, காட்டைத் தனக்குக் குத்தகைக்கு விடச் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. தனியாக ஒரு பெண் என்ன செய்வாள் என்ற கவலை.

"அவுங்க போட்ட குழி இருக்குதுங்க" என்றாள் அம்மா. "பொரட்டாசிக்குள்ள அது மக்குச்சுன்னா நானே வெதைக்கறனுங்க. மக்காட்டி நீங்க ஓட்டிக்குங்க."

"பருத்தி மாரு மக்குமுங்களா நங்கை?" அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அடுப்புல வெச்சாத்தானுங்க அது மக்கும்."

ஆடியில் ஒரு சனிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினேன். அங்கே விவசாயக் கல்லூரியின் ரசாயனப் பிரிவில் எனக்கு வேலை. குழி காலியாகக் கிடந்தது. மார் முழுவதும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒவ்வொரு குச்சியாக எடுத்து விளக்குமாற்றால் தட்டி, மேலே படர்ந்திருந்த வெள்ளையை உதிர்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பெரிய திருப்தி.

"பூசணம் புடிச்சுப்போச்சு கண்ணு. நல்லவேளை பாத்துப்போட்டேன். ரெண்டு வெயில் காஞ்சா சரியாப்போயிரும்."

களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, மக்க வெக்கறதே அதுதான்."

விளக்குமாறு நின்றது.

பஞ்சும் பருத்திக் குச்சியின் நாரும் பெரும்பாலும் ஒரே பொருள்தான். செல்லுலோஸ். சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்ததுபோல. பூசணம் குச்சிக்குள் நூல் விடும். அந்த நூலிலிருந்து ரசம் கசியும். கல்லூரியில் அதை என்ஸைம் என்போம். ரசம் சங்கிலியை வெளியிலேயே துண்டு துண்டாக அறுத்துப் போடும். கரைந்து வரும் சர்க்கரையைப் பூசணம் இழுத்துக்கொள்ளும். ஈரம் இல்லையென்றால் ரசம் ஓடாது. இதை முடிந்தவரை அவள் பேச்சில் சொன்னேன்.

"வாயே இல்லாம எப்படிக் கண்ணு திங்கும்?"

"எச்சில் விட்டு ஊற வெச்சு, கரைஞ்சதும் உறிஞ்சிக்கும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். சித்தப்பாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. "உங்க சித்தப்பா முறுக்குத் திங்கறாப்பலன்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பிறகு உதிர்ந்து கிடந்த வெள்ளையைப் பார்த்தாள். "செத்தே போயிருக்குமா?"

"உயிர் இருக்கும். ஈரம் பட்டா எந்திரிக்கும்."

பொழுது சாய்வதற்குள் மார் குழிக்குத் திரும்பியது. பக்கத்துத் தோட்டத்துப் பங்காரு குடம் குடமாகச் சாணிக் கரைசல் கொண்டுவந்து ஊற்றினாள். உதிர்த்த வெள்ளையை அம்மா முறத்தில் கூட்டி அள்ளினாள். "போங்க, உள்ள போங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன்" என்று மேலே தூவினாள். வெயில் படாமல் தென்னை ஓலை போட்டு மூடினாள். என் அம்மா ஒரு பொருளை வெயிலுக்கு மறைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு அரிசி கழுவிய தண்ணீர் தினமும் குழிக்குத்தான். ஒரு நாள் கம்பங்களி ஓர் உருண்டை போயிற்று. "வெறுங்குச்சியவே தின்னுட்டிருந்தா நாக்குச் செத்துப்போகாதுங்களா" என்று பங்காருவிடம் நியாயம் கேட்டாள்.

"எம்பட மருமகனுக்குக்கூட நான் இத்தன உபசாரம் பண்ணுனதில்லீங்கக்கா" என்றாள் பங்காரு.

குழி சூடேறி ஆவி விட்டது. அம்மா அதன் ஓரத்தில் செப்புக்குடத்தைப் புதைத்துக் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டாள். சூடு தணியும்போதெல்லாம் மண்வெட்டியால் புரட்டிவிட்டாள். என்னைத் தொட விடவில்லை. "நீ வேகமா வெட்டுவே. நூலு அந்துபோயிரும்."

புரட்டாசியில், மேற்கே மேகம் கட்டியிருந்த ஒரு காலையில் சித்தப்பா வந்தார். குழியருகே குந்தி ஒரு குச்சியை எடுத்து ஒடிக்கப் போனார். அது விரல்களுக்கு நடுவே கறுப்பாக உதிர்ந்தது. இன்னும் ஆழத்தில் கைவிட்டு வேறொன்றை எடுத்தார். அதுவும் உதிர்ந்தது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார்.

"மழ பேஞ்ச காடாட்டம் மணக்குதுங்க நங்கை" என்றார்.

அம்மா ஒரு கூடை நிறைய எருவை அள்ளினாள். அவர் எழுந்து நிற்கும்வரை பொறுத்திருந்தாள்.

"கொஞ்சம் குனியுங்க கொழுந்தனாரே" என்று சொல்லி, கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தாள்.