மூணாவது இறங்குது

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பாவம், அது சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக்கொண்டிருந்தது.

அது பாட்டு வாசிக்கிற கீபோர்டுகள் செய்கிற தொழிற்சாலை. விரலால் அமுக்குகிற கட்டை பொருத்தி, மூடி போட்டு, துணியால் துடைத்து, பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு கீபோர்டும் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும் கடைசி மேசைக்கு வந்தாக வேண்டும். அந்த மேசை காதக்காவுடையது. கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை ஒருமுறை விரலை ஓட்டுவாள். சரியாக இருந்தால் பச்சைக் காகித ஒட்டு ஒன்றைப் பதிப்பாள், இல்லாவிட்டால் சிவப்பு ஒட்டு. மின்சாரச் சாமானில் சுருதி எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் சிப்பில் தப்பான புரோகிராம் ஏறி ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். சுருதி பார்க்கிற மீட்டர் ஒன்றும் மேசையில் உண்டு. அதன் முள் ஆடி அடங்குவதற்குள் இவள் ஒட்டி முடித்து அடுத்ததை இழுத்துவிடுவாள். ஒருமுறை மீட்டர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, கடைசியில் ரிப்பேருக்குப் போனது மீட்டர்தான். அன்றிலிருந்து அவள் வைத்ததுதான் சட்டம்.

இப்படி ஒரு காது வீட்டில் இருந்தால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். ஃபிரிட்ஜ் உறுமினால் எந்தச் சுரத்தில் உறுமுகிறது என்பாள். லிஃப்ட் மணி முன்னைவிட மந்தமாகிவிட்டது என்று கட்டடத்துக் காவலாளியிடம் போய்ப் புகார் சொன்னவள். பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்தால், சத்தமாக இருக்கிறதே என்று மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். இவளோ, "ஆரம்பிச்ச சுருதி வேற, முடிக்கற சுருதி வேற" என்று குறைபட்டுக்கொள்வாள்.

"அம்மா, நாளைக்கு எனக்கு வர்ற மாப்பிள்ளை இந்த வீட்டுல தும்மறதுக்குக்கூடப் பயப்படுவான்" என்பாள் மகள்.

காதக்காவின் கணவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். இப்போது ஒரு ஆபீஸ் கேண்டீனில் சமைக்கிறார். நாள் முழுக்க ஊருக்குச் சமைத்துவிட்டு வந்து வீட்டிலும் கத்தியைக் கையில் எடுக்கிற மனுஷன். கப்பலில் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் எகிப்துக்காரன் ஒருவன், இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவன். இவருக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு இவர் மொழி தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். அவன் சட்டை துவைக்கும்போது ஒரு பாட்டு பாடுவான். இவர் வார்த்தையை விட்டுவிட்டு மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒரு துறைமுகத்தில் அவன் மூட்டையோடு இறங்கிப் போனான். விலாசமும் இல்லை, படமும் இல்லை. இவரிடம் மிஞ்சியது அந்த மெட்டுதான்.

கல்யாணமான புதிதில் கப்பல்காரர் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அதைத்தான் பாடுவார். நல்ல குரல். காதக்காவும் ரசித்துத்தான் கேட்டாள், ஒரே ஓர் இடத்தைத் தவிர. மெட்டு ஏறுகிற இடத்தில் மூன்றாவது சுரம் வரும்போது அது அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவில் தொங்கும். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது அவளை வதைத்தது. புதுப் பெண்டாட்டி, எப்படிச் சொல்வது என்று சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லியேவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. மூணாவது மட்டும் இறங்குது."

"இறங்குதா?"

"ஆமா. கொஞ்சம் தூக்கிப் பாடுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காதக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பும்போது கட்டிய கணவன் நம்பாமல் இருப்பாரா? அவள் மூடி உடைந்த கழிவு கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து, கட்டையை அமுக்கி அமுக்கிக் காட்டினாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கப்பல்காரரின் தொண்டை அம்மியைவிடக் கனமா என்ன? சீக்கிரத்திலேயே மூன்றாவது சுரம் கட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு வீட்டில் ஒரு பச்சை ஒட்டு ஒட்டின திருப்தி. அதற்கப்புறம் அவர் அந்தப் பாட்டைப் பாடுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. ஏன் குறைந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. மகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்கும் போக ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புது மாடல் வந்தது.

காலையில் வந்த முதல் கீபோர்டில் விரலை ஓட்டினாள். மூன்றாவது சுரம் தொங்கியது. ஏழாவதும் தொங்கியது. சிவப்பு. அடுத்ததிலும் அதே மூன்றாவது, அதே ஏழாவது. சிவப்பு. தள்ளுவண்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. காதக்காவுக்கு உள்ளூர ஒரே குஷி. இத்தனை பெரிய தப்பை ஒரே மூச்சில் பிடித்தவள் இந்தத் தொழிற்சாலையில் வேறு யார்? சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னக்கா, பூராவும் சிவப்பா?"

"பூராவும் தப்பு. யாரோ சிப்புல விளையாடியிருக்காங்க. வேணும்னா உங்க மீட்டரையே கேளுங்க."

மீட்டர் முள்ளும் இரண்டு சுரத்துக்கு நட்டநடுவில் போய் நின்றது. சூப்பர்வைசர் வெலவெலத்துப் போய் வேலையை நிறுத்தச் சொன்னார். மேலே இருந்து இன்ஜினியர் பெண் இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்தாள், ஒட்டுகளைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"அக்கா, இது தப்பில்லக்கா. ஆர்டரே இதுதான். அரபுக்காரங்க வாசிக்கறதுக்குப் போகுது. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. காதக்காவுக்கு எதற்குச் சொல்ல வேண்டும், அவளுக்குத் தெரியாததா என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சூப்பர்வைசர் ஆறுதல் சொன்னது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முகம் அவள் ஒட்டிய ஒட்டைவிடச் சிவந்துவிட்டது. ஆனால் காதக்காவுக்கு வெட்கத்தைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது.

"ஏம்மா, நடுவுல நிக்கறது எப்படிச் சரியாகும்?"

இன்ஜினியர் பெண் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கீழ் ஸ-வுல இருந்து மேல் ஸ-வுக்கு ஒரு மாடி ஏறணும்னு வச்சுக்கோங்க. நாம எப்பவும் செய்யற கீபோர்டுல அந்த மாடிக்குப் பன்னண்டு படி, எல்லாம் ஒரே உயரம். இதுல அதே மாடிக்கு இருபத்துநாலு படி. அத்தனை கட்டை வைக்க இடமில்ல. அதனால அவங்க அதிகமாப் புழங்கற ரெண்டு சுரத்தை மட்டும் நம்ம படியில பாதி இறக்கி வச்சிருக்கோம்."

"பன்னண்டுதான்னு யாரு சொன்னது அப்போ?"

"யாரும் சொல்லலக்கா. ஒரு வசதி, அவ்வளவுதான். துருக்கிக்காரங்க கணக்குல அம்பத்துமூணு படி. தாய்லாந்துல ஏழே ஏழு, ஏழும் ஏறக்குறைய ஒரே உயரம். ஐரோப்பால ஒரு கூட்டம் முப்பத்தொண்ணாப் பிரிச்சு, அதுக்குன்னே ஆர்கன் செஞ்சு வச்சிருக்கு."

"நம்ம பாட்டுல?"

"நாமளும் சுரத்தை ஆட்டிப் பாடும்போது இந்த இடுக்குல எல்லாம் போயிட்டுத்தானே வர்றோம்? ஆனா அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கறதில்ல. அவங்க குடியிருக்காங்க." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "இன்னொண்ணுக்கா. சரிபாதின்னு பிரிச்சது மெஷினுக்காகத்தான். பாடறவங்க மயிரிழை ஏத்தியோ இறக்கியோ ஊருக்கு ஊர் மாத்திப் பாடுவாங்க. அதையெல்லாம் நம்ம சிப்புல அடைக்க முடியாது."

ஒட்டியவள்தான் உரிக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் காதக்கா உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்பு ஒட்டையும் நகத்தால் கிளப்ப ஆரம்பித்தாள். ஒன்றை உரிப்பாள், மூன்றாவது கட்டையை அமுக்குவாள். இன்னொன்றை உரிப்பாள், மறுபடி அமுக்குவாள். அம்பத்துமூணு படி உள்ள மாடியை எப்படி ஏறுவார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஏழே படிதான் என்றால் காலை எத்தனை அகலமாக வைக்க வேண்டியிருக்கும்! காலையில் தப்பாகக் கேட்டது இப்போது அத்தனை தப்பாகக் கேட்கவில்லை. அது ஒன்றும் வழி தவறி நடுவில் நிற்கவில்லை. அதன் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

இந்தச் சுரத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. அமுக்கினாள். இன்னொரு தடவை அமுக்கினாள். காதுக்கு முன்னால் மூக்குக்குத்தான் ஞாபகம் வந்தது. வெங்காய வாசனை. கையிலிருந்த ஒட்டு கீழே விழுந்தது.

கப்பல்காரரின் மூணாவது!

இன்னும் சரியாகச் சொன்னால், கட்டையில் கேட்டது அது அல்ல, அதன் பக்கத்து வீடு. அவர் அந்த நாளில் பாடியது இதைவிட மயிரிழை மேலே. இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு அது துல்லியமாகத் தெரிந்தது. பிடித்ததை மறந்துவிடலாம், வதைத்ததை மறக்க முடியுமா?

அன்று பஸ்ஸில் அவள் உட்கார்ந்து வந்தாளா நின்று வந்தாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். கப்பல்காரர் வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் மேசையில் ஃபோனும் கையுமாக இருந்தாள்.

"என்னங்க, அந்தக் கப்பல் பாட்டைக் கொஞ்சம் பாடுங்களேன்."

"இப்போ எதுக்கு அது?"

"பாடுங்க, சொல்றேன்."

பாடினார். மூன்றாவது சுரம் கட்டையில் வைத்து ஆணி அடித்தமாதிரி நின்றது. அப்பழுக்கில்லை. பச்சை ஒட்டு ஒட்டலாம். 

"இப்படி இல்லைங்க. நான் திருத்தறதுக்கு முன்னாடி பாடுவீங்களே, அது."

காலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். "அப்போ நான் தப்பாப் பாடலையா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பழையபடி பாடப் பார்த்தார். சுரத்தை இறக்கினார், அது ஒரேயடியாக இறங்கி ஒப்பாரி மாதிரி ஆகிவிட்டது. ஏற்றினார், மறுபடி கட்டையில் ஏறிக்கொண்டது. திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அப்பா, ஃபோன்ல மெட்டைப் பாடினாலே பாட்டைத் தேடிக் குடுக்கும். இதுல பாடுங்க" என்று மகள் நீட்டினாள்.

அவர் ஃபோனுக்கு முன்னால் குனிந்து பவ்யமாகப் பாடினார். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு சோப்புத்தூள் விளம்பரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அவன் முகம் ஞாபகம் இருக்கு. நகத்துல இருந்த எண்ணெய்க் கறைகூட ஞாபகம் இருக்கு" என்றார் கப்பல்காரர். "பாட்டு மட்டும் வர மாட்டேங்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். காதக்காவுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஒரு மனுஷனிடம் ஒரு சிநேகிதன் விட்டுப்போன ஒரே சாமான். அதற்குச் சிவப்பு ஒட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியவள் அவள். கப்பல் போன வழியெல்லாம் தேடினாலும் அந்த எண்ணெய்க்காரன் கிடைக்க மாட்டான். தொழிற்சாலைக் கீபோர்டிலும் அது இல்லை. உலகத்திலேயே இப்போது அது இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய காது.

ஆனால் காதக்கா பாட மாட்டாள். அப்படிப்பட்ட காது உள்ளவளுக்குத் தன் குரலைச் சகித்துக்கொள்வது அத்தனை சுலபமில்லை. மகளுக்குத் தாலாட்டுகூட அவர்தான் பாடினார். தன் மகள் தன் குரலைப் பேச்சில் மட்டுமே கேட்டிருக்கிறாள் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

செருப்பைக் கழற்றினாள். ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் நின்று உரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

குரல் நடுங்கியது. முதல் சுரம் கரகரத்தது, இரண்டாவது பிசிறடித்தது. இரண்டும் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். மூன்றாவது வந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. அவர் அந்த நாளில் விட்ட இடத்திலேயே, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், பாதியைவிட மயிரிழை மேலே கொண்டுபோய் வைத்தாள்.

கப்பல்காரர் தலையைத் தூக்கினார்.

"மூணாவது இறங்குது" என்றார்.

காதக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"நிறுத்தாதே" என்றார் அவர். "அவன் அப்படித்தான் பாடுவான்."