கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம்!

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். ஆடி முடிந்து காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கலர் பார்ப்பது என் வேலை. மெஷினில் இருந்து வரும் முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு தூக்கல், நீலம் கம்மி என்று சொல்ல வேண்டும். நான் ‘சரி’ என்றால்தான் மெஷின் ஓடும். அதோடு எல்லாரையும் சிரிக்க வைப்பது என்று நானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம் ஒன்றும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது.

அந்த வருஷம் எனக்குக் கலரெல்லாம் செத்துப்போய்த் தெரிய ஆரம்பித்தது. எந்தத் தாளை எடுத்தாலும் நைந்த வேட்டி மாதிரி இருந்தது. “மஞ்சள் கூட்டுய்யா” என்றேன். கூட்டினார்கள். “இன்னும் கூட்டு.” மெஷின்மேன் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, இதுக்கு மேல கூட்டுனா காலண்டர்ல இருக்குற லட்சுமிக்கு மஞ்சக்காமாலைனு சொல்லுவாக.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

சரி, கண் போகப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பயப்படுவதில் மட்டும் நான் ரொம்பக் கெட்டிக்காரன். அன்று சாயங்காலமே வீட்டில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்து பழகினேன். பீரோவில் முட்டி நெற்றி வீங்கியது.

“இதுக்கெல்லாமா ஒத்திகை பாப்பாக?” என்று என் மனைவி எண்ணெய் தடவிவிட்டாள். மறுநாள் மதுரைக்கு ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

சொட்டு மருந்து விட்டார்கள், லைட் அடித்தார்கள், கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைப் படிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பாஸ். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, “சாப்பாடு ருசிக்குதா? தூக்கம் எப்படி? கடைசியா எதை ரசிச்சீங்க?” என்று கேட்டார். ஏதாவது தமாஷாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“உசுரா திங்கிற விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைப் பஞ்சு மாதிரி மென்னுட்டு எந்திரிச்சு வர்றாக. மக பரிசு வாங்கிட்டு வந்து நீட்டுனா, ‘சரி’ங்காக. அச்சடிச்ச தாளைப் பாத்துச் சொல்ற மாதிரி.”

இவ்வளவையும் அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

“கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. மனசுதான் சோர்ந்து போயிருக்கு. அதுக்குன்னு இருக்கிற டாக்டரைப் பாருங்க” என்றார் டாக்டரம்மா.

‘மனசு’ என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்குச் சங்கிலியும் மொட்டைத்தலையும் எலுமிச்சம்பழமும் வரிசையாகத் தெரிந்தன. அதுவும் நல்ல பளிச்சென்ற கலரில்! எழுந்து ஓடியவன் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றேன். பாதம் சுட்டபோதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. பின்னாலேயே அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

“கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டாக. பெறகு செருப்பு எங்கன கெடக்குன்னு தெரியலையாக்கும்?”

“எனக்கு என்ன, பைத்தியமா?” என்றேன்.

அவள் குனிந்து செருப்பைக் கீழே வைத்தாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டுல நீங்க பேசுறீக, சாப்பிடுறீக. ஆனா நீங்க அங்க இல்ல. எனக்கு நீங்க வேணும். போடுங்க செருப்ப.”

போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

மனநல டாக்டர் அறையில் சங்கிலி எதுவும் இல்லை. சுவரில் எங்கள் ஊர்க் காலண்டர்தான் தொங்கியது. அதிலும் மஞ்சள் கம்மி! அவர் மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரமாகும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்றார். “ஆசை வந்த பிறகு செய்யலாம்னு உக்காந்திராதீங்க. முன்னாடி பிடிச்ச ஒண்ணை ஆசை இல்லாமலே செய்யுங்க. ஆசை பின்னால வரும்.”

நான் நம்பவில்லை. என் மனைவி நம்பினாள். அச்சகத்தில் முதலாளி கலர் பார்க்கிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளிடம் கொடுத்தார், லட்சுமி பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மச்சினன் தோட்டத்துக்குப் போவோம். பம்புசெட் குளியல் என்றால் ஒரு காலத்தில் எனக்கு உயிர். இப்போது கோர்ட் வாய்தாவுக்குப் போகிறவன் மாதிரி துண்டோடு போய், குழாய்க்கு அடியில் எருமையாக நின்றுவிட்டு வருவேன்.

“எப்படி இருக்கு?” என்பாள்.

“தண்ணியா இருக்கு” என்பேன்.

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். அவளுக்குச் சலிக்கவே இல்லை.

கார்த்திகையில் மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. வழக்கம்போல் போய் நின்றேன். மச்சினன் மோட்டாரைப் போட்டான். தண்ணீர் பிடரியில் விழுந்ததும், “யாத்தே!” என்று அலறிக்கொண்டு வெளியே குதித்தேன். கரண்டு அடித்துவிட்டதென்று அவன் பதறி மோட்டாரை நிறுத்தினான். துணி அலசிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள்.

“என்னாச்சு? என்ன செய்யுது?”

பல் கிட்டிக்கொண்டது. “குளுருதுடி... என்னமாக் குளுருது! நல்லாருக்கு.”

அவள் ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் ரூம் பக்கம் திரும்பிக் கத்தினாள்: “ஏலே, ஏன்லே நிறுத்துன? போடு மோட்டாரை!”

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். அடுத்த வாரம் மறுபடி அது வெறும் தண்ணீர்தான். ஆனால் போன சந்தோஷத்துக்குத் திரும்பி வர வழி தெரியும் என்பது எனக்குத் தெரிந்துபோனது. மாத்திரையை விடவில்லை, தோட்டத்துக்குப் போவதையும் விடவில்லை. விட்டு விட்டு வந்த சந்தோஷம் ஒரு கட்டத்தில் வீட்டோடு தங்கிவிட்டது.

இன்றைக்கும் காலையில் முதல் சொம்புத் தண்ணீர் மேலே பட்டு உடம்பு சிலிர்க்கும்போது, இதுகூட எட்டாமல் ஒரு காலம் இருந்தேனே என்று நினைத்துக்கொண்டு, அடுத்த சொம்பை ஊற்றாமல் ஒரு நிமிஷம் ஆசைதீர நடுங்கிக்கொண்டு நிற்கிறேன்.