விமானத்துக்குப் புளிப்பத்து

விமானத்தில் ஏறும்போது வாசலுக்குப் பக்கத்தில் அதன் உடம்பை ஒரு விரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஐம்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியும் கக்கத்தில் தடித்த புத்தகமுமாகப் போகிற ஒரு பெண்மணி செய்யக்கூடிய காரியம் அல்ல. போன முறை இப்படித் தேய்க்க நின்றதில் பின்னால் வந்தவர் என் முதுகில் முட்டிக்கொண்டார். கைகூப்பி நின்றிருந்த பணிப்பெண் ஓடி வந்து, "ஏதாவது பிரச்சினையா மேடம்?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் புளி போட்டிருக்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சாப்பாடு அப்புறம் வரும் மேடம்" என்று குழந்தையிடம் பேசுவதுபோலச் சொல்லி, இருக்கை வரை கூடவே வந்து, பெல்ட்டையும் அவளே மாட்டிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் கொஞ்சம் நீளம்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஜவ்வாது மலையில் இருந்தோம். படவேட்டுப் பக்கம் சொந்த ஊர். அப்பாவுக்கு மலைமேல் ஒரு சின்ன மருந்தகத்தில் கம்பவுண்டர் வேலை. டாக்டர் என்று ஒருவர் பஸ் கிடைக்கிற நாளில் வருவார். மற்ற நாளெல்லாம் மலைச் சனங்களுக்கு அப்பாதான் 'டாக்டரு'. அப்பாவும் அதை மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மருந்தகத்துக்குப் பின்னால் சாமை அறுத்துக் கிடந்த கொல்லையில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. இறங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. இருமிக்கொண்டே வந்து, குதித்து, இன்னொரு முறை குதித்து, ஒரு சக்கரத்தை ஒடித்துக்கொண்டு சாய்ந்து நின்றது. உள்ளே பைலட் ஒருவர் மட்டும். புருவத்தில் வெட்டு. அப்பா மருந்து வைத்து, அவருடைய தலையையே மறைக்கும் அளவுக்குக் கட்டுப் போட்டார். அம்மா சாமைக் கஞ்சி கொடுத்தாள்.

மறுநாள் பைலட் பஸ் ஏறும்போது விமானத்தை அப்பாவிடம் ஒப்படைத்தார். "கம்பவுண்டர் சார், ஆளோட வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க." பிறகு என்னைக் குனிந்து பார்த்தார். "பாப்பா, நீதான் காவல். ஒரு கீறல் படாம வெச்சிருந்தேன்னா, வந்ததும் உன்னை முன்சீட்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

பெரியவர்கள் பஸ் ஏறும்போது குழந்தைகளிடம் எதையாவது சொல்லிவைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றே பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அங்கேதான் வினையே. மார்கழி போய்த் தை வந்ததும், "இன்னா, எப்பப் பறக்கப் போற?" என்று தினமும் கேட்டார்கள். மாசி பிறந்தபோது கேட்பதை நிறுத்திவிட்டு, என்னைக் கண்டால் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓடிக் காட்டினார்கள். அவமானம் இதற்குமேல் தாங்காது என்கிற நிலையில்தான் பஸ் கண்டக்டர் சேதி கொண்டுவந்தார்: நாளை மறுநாள் பைலட் ஆட்களோடு வருகிறார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மாவுக்கோ வேறு கவலை. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றிவந்தாள். வந்த அன்று வெள்ளியாய் இருந்தது, பனியும் புழுதியும் காக்கை எச்சமும் பட்டுச் சாம்பல் பூத்துக் கிடந்தது. மூக்கைச் சுற்றி எண்ணெய்க் கறை வேறு.

"ஊரார் வூட்டு ஏனத்தை வாங்கி வெச்சினு வெளக்காமக் குடுப்பாங்களா? நம்பளப் பத்தி இன்னா நெனைப்பாங்க?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது சட்டம். இரவல் வாங்கிய பாத்திரத்தை வாங்கியதைவிடப் பளபளப்பாகத் திருப்பித் தர வேண்டும்; வெறுமனேயும் தரக் கூடாது, பிடி அரிசியாவது போட்டுத் தர வேண்டும். விமானம் இரவல் வாங்கியது அல்ல, தானாக வந்து விழுந்தது என்று அப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ஏனம் ஏனந்தான்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமா திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அங்கே ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நிற்பவர். உலகத்தில் உள்ள அலுமினியம் முழுவதும் தம்முடைய பொறுப்பில் இருப்பதுபோலப் பேசுவார்.

"யக்கா, இதுக்கெல்லாம் நாரு போட்டுத் தேச்சினு இருந்தா அடுத்த கார்த்திகை வந்துடும். சலவைச் சோடாவக் கொதிக்க வெச்சி ஊத்து. அழுக்குத் துணியையே வெளுக்குது, இத வெளுக்காதா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாமாவின் யோசனைகள் எல்லாமே கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நானே ஓடிப் போய்ச் சோடா வாங்கிவந்தேன். வெந்நீரில் கரைத்து, விசிறிக்கு நடுவில் இருந்த கூம்பின்மேலும் அதன் பின்னால் இருந்த என்ஜின் மூடியின்மேலும் மாமா முதலில் ஊற்றினார். சுர்ரென்று நுரைத்தது. "பாத்தியா, அழுக்கு எப்படி அலறுது!" என்றார். நாங்கள் நுரை அடங்கக் காத்திருந்தோம். அடங்கியதும் உள்ளேயிருந்து தோசைக்கல் நிறத்தில் ஒரு மூக்கு வெளிப்பட்டது.

"காஞ்சா வெளுத்துடும்" என்றார் மாமா. காய்ந்தது. இன்னும் கறுத்தது.

நான் சாமைத்தாளின்மேல் உட்கார்ந்து அழுதேன். ஒரு கீறல் படாமல் என்றுதானே பைலட் சொன்னார், கறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒருபக்கம் மனம் வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. கைகளை விரித்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள்தான் கண்ணுக்குள் வந்தார்கள். அப்பா மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நோயாளியின் உறவினரிடம் பேசும் குரலில், "பாக்கலாம்" என்றார்.

"கடைல வர்றவங்களுக்கும் இப்படித்தான் யோசனை சொல்றியாடா?" என்று அம்மா தம்பியைக் கேட்டாள்.

"அவங்க யாரும் திரும்பி வந்து கேட்டதில்லக்கா" என்றார் மாமா, உண்மையாகவே.

பிறகு அம்மா வீட்டுக்குள் போய் ஒரு பழைய அலுமினியக் குண்டானை எடுத்துவந்து வெயிலில் காட்டினாள். வெளியே கரி, உள்ளே மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தினமும் புளி கொதிக்கிற குண்டான் அது. அம்மா ஒன்றும் விளக்கவில்லை. "போய்ப் புளி எடுத்துனு வா" என்றாள்.

மாசி மாதத்தில் ஜவ்வாது மலையில் புளிக்குப் பஞ்சமா? கொல்லைக்குச் சொந்தக்காரர் ஒரு கூடைப் புதுப்புளி தந்தார். விமானம் எப்போது கிளம்பும், உழவு ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கவலை. அம்மா அண்டாவில் புளியைக் கரைத்துக் கொதிக்கவைத்து, பித்தளைக்குப் போடுகிற பழக்கத்தில் நாலு கை உப்பையும் அள்ளிப் போட்டாள். ஆனால் கூம்பின்மேல் ஊற்றினால் எல்லாம் வழிந்து கீழே போயிற்று. அப்போதுதான் அப்பாவின் தொழில் கைகொடுத்தது. உள்ளே போய்ப் பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்துவந்தார். சர்க்கார் துணி என்று ஒருமுறை சொல்லி மனச்சாட்சிக் கடனைத் தீர்த்துக்கொண்டு, புளியில் தோய்த்து, மூக்கைச் சுற்றிப் பத்துப் போட்டுக் கட்டினார். பைலட்டுக்குப் போட்ட அதே கட்டு, கொஞ்சம் பெரிய அளவில். பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "டாக்டரு கட்டுப் போட்டுட்டாரு, இனிமே எழுந்துக்கும்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரிக்க ஓடினால், எங்களுக்கு முன்பே கொல்லைக்காரரின் மாடுகள் வந்துவிட்டிருந்தன. துணியை இழுத்துப் போட்டுவிட்டு, உப்பும் புளியுமாக இருந்த விமானத்தின் மூக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று இறக்கைக்குப் போய்விட்டிருந்தது. விரட்டிவிட்டுப் பார்த்தோம். கறுப்பு போய்விட்டது. மாட்டின் நாக்கு பட்ட இடமெல்லாம் வெள்ளி. மிச்சத்தை அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நானும் அம்மாவும் தேய்த்தோம். என் கைவிரல்கள் புளியில் ஊறி வெளுத்துச் சுருங்கின. மாமாவும் தேய்த்தார், பேசாமல். மத்தியானத்துக்குள் மூக்கில் என் முகம் தெரிந்தது. கூம்பாக இருந்ததால் கொஞ்சம் ஆட்டு முகமாகத் தெரிந்தது.

பைலட் சொன்ன நாளில் லாரியோடு வந்தார். கூடவே ஒரு மெக்கானிக்கும் இரண்டு ஆட்களும். நான் பட்டுப் பாவாடையில், தலை நிறையப் பூவோடு, காலையிலிருந்து விமானத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பின்சீட்டில் அம்மா ஒரு மஞ்சள் பை நிறையச் சாமை அரிசியும் ஒரு பாட்டில் மலைத்தேனும் வைத்திருந்தாள்.

பைலட் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும் பைலட் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"யாரும்மா இவ்வளவு அழகாத் தொடச்சது?"

"நான்தான் அங்கிள்" என்றேன். மருந்தகத்தின் பின்கதவுக்கு அப்பாலிருந்து அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

பிறகு அவர்கள் இறக்கைகளைக் கழற்றினார்கள். எனக்கு அதில் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் கட்டிலையும் மலைக்குக் கொண்டுவரும்போது கழற்றித்தான் கொண்டுவந்தோம். பறக்கிற இடம் வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். உடலைத் தூக்கி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பைலட் என்னைத் தூக்கி விமானத்தின் முன்சீட்டில் உட்காரவைத்து, தாமும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அப்பா டிரைவருக்குப் பக்கத்தில்.

லாரி கிளம்பி மலைப்பாதையில் இறங்கியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது எல்லாப் பிள்ளைகளும் வேலியோரம் நின்றார்கள். ஒருவரும் கையை விரிக்கவில்லை. மரக்கிளைகள் என் கண்ணுக்கு நேராக வந்து விலகின. வளைவில் கீழே பள்ளம் மட்டுமே தெரிந்தது. லாரி தெரியவில்லை, பாதை தெரியவில்லை. பைலட் தமக்கு முன்னால் இருந்த கைப்பிடியைத் திருப்பி, வாயால் என்ஜின் சத்தம் போட்டார். நான் பறந்தேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் லாரி நின்றது. என்னையும் அப்பாவையும் இறக்கிவிட்டார்கள். கயிற்றை இறுக்கிக்கொண்டே மெக்கானிக் பைலட்டிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மூடியும் கூம்பும் போச்சு சார். உப்பு தின்னிருக்கு. போனதும் கழட்டிக் கடாசிட வேண்டியதுதான்."

"மெதுவாப் பேசுய்யா" என்றார் பைலட், எங்களைப் பார்த்துக்கொண்டே.

அப்பாவும் நானும் ஏற்றத்தில் நடந்து திரும்பினோம். வீடு தெரியும் இடத்தில் அப்பா நின்று, "அம்மாகிட்ட சொல்லாத, இன்னா?" என்றார். பறந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பெண்பிள்ளையை ஆகாயத்தில் ஏற்றினீர்களா என்று அம்மா சண்டை பிடிப்பாள் என்கிற பயம்தான், வேறென்ன? ஊர் முழுக்கச் சொன்ன கதையை அம்மாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம், "நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களா?" என்று அம்மா கேட்டபோது, "அழகா இருக்குன்னாங்க" என்று அப்பா சொன்னார். அவர் முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்கியபோது அப்பா இல்லை. போன வருடம் ஒருநாள், மெக்கானிக் சொன்னது உட்பட முழுக்கதையையும் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கண் கலங்கப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கடாசறதா இருந்தா இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் தூக்கினு போனானுங்க?" என்றாள் அம்மா. "அந்தக் கூம்ப இங்கயே குடுத்திருந்தா மாட்டுக்குத் தவிடு கரைக்கவாவது ஆயிருக்கும். மாடும் அதுக்குப் பழகிக் கெடந்துச்சு."