தங்கராசு வாத்தியாரின் அடைப்பெட்டி

வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நம்ம தங்கராசு வாத்தியாரு போயிட்டாருங்க. மாரடைப்பாம்" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எதிலும் அவசரம் அந்த மனிதருக்கு. இதிலுமா?

ஆலத்தூர் நாடு என்ற மலையூர்ப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் அவர். உட்கார்ந்து பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. அவரிடம் படித்த உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி, ஈரத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கோழிமுட்டை பொரிக்க அவரே ஒரு பெட்டி செய்தார். அடைப்பெட்டி என்று பெயரும் வைத்தார். முதல் தடவை சேந்தமங்கலம் கடையில் வாங்கிய பண்ணை முட்டைகளை அடுக்கிவிட்டுக் காத்திருந்தார். "சேவலையே பாக்காத கோழிங்க போட்ட முட்டைங்க அது. ஆம்லெட்டுக்குத்தான் ஆகும்" என்று அவர் மனைவி ராசாத்தி அக்கா சிரித்தது தெருவுக்கே கேட்டது.

பிறகு நாட்டுக்கோழி முட்டை வைத்தார். அப்போதும் பாதிதான் பொரித்தது. பொரிக்கப்போகும் கடைசி நாட்களில் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஈரம் போய்விட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். தெரிந்தும் திறப்பார். கேட்டால், "உள்ள என்னமோ நடக்குதுங்க டீச்சர். வெளிய எப்படீங்க சும்மா உக்காந்திருக்கறது?" என்பார்.

நான் போனபோது ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருந்தது. வீட்டில் வேலை செய்த பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் அடைப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, முட்டைகள் பொரிக்கிற சமயம். சேர்த்து மாட்டினால் தாங்காது என்று ஐஸ் பெட்டிக்காரர் கையை விரித்துவிட்டார். பல்பை அணைத்தால் குஞ்சுகள் போய்விடும். அணைக்காவிட்டால், பெங்களூரிலிருந்து மகன் வருகிறவரை உடல் தாங்காது.

என் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். பங்காளிப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "பொணம் எடுக்காத ஊட்ல இருந்து பொருளு வெளிய போகக் கூடாதுங்க."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராசாத்தி அக்கா எழுந்து வந்தார். "அது பொருளில்லீங்க மாமா, உசுரு. நீங்க கொண்டு போங்க டீச்சர்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இழவு வீட்டுக்கும் என் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மகன் வந்தான், அப்பா முகத்தைப் பார்த்தான், அடக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்தால் பெட்டிக்குள் சன்னமாகக் கீச்சுச் சத்தம். கை மூடிக்குப் போய்விட்டது. எப்படியோ இழுத்துக்கொண்டு, ராசாத்தி அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"அவரா இருந்தா திறந்திருப்பாரு" என்றார். "நீங்க திறக்காதீங்க. எல்லாம் பொழைக்கட்டும்."

திறக்கவில்லை. அத்தனை முட்டையும் பொரித்தது. அவர் வைத்ததில் முழுதாகப் பொரித்தது அது ஒன்றுதான், திறந்து பார்க்க அவர் இல்லாததால். இன்னும் என் மனசு ஆறவில்லை.

இரண்டு குஞ்சுகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று சாது. மற்றது ஓரிடத்தில் நிற்பதில்லை. நேற்று அது அடுப்படிக்குள் ஓடியது. துரத்திக்கொண்டு போனவள், "நில்லுங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.