லெமூர்கள் பார்த்த இடம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் சசிரேகாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட் படம், மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் எடுப்பாள். சாவு வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் தட்ட மாட்டாள். உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பாள். பிறகு தாடையைச் சுற்றித் தலையில் முடிந்த வெள்ளைத் துணியைக் கம்ப்யூட்டரில் அழித்து, மூடிய கண்களைத் திறந்துவிடுவாள்.

"பயமா இல்லியா?" என்று கேட்டால் சிரிப்பாள். "செத்தவங்க சொன்னபடி உக்காருவாங்க. கல்யாணப் பொண்ணுங்கதான் பேஜாரு."

போன தை மாதம் மகளிர் குழு வேனில் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோதும் கேமராவை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் புஷ்பா துணைக்கு வந்தாள். புலி தூங்கியது. நீர்யானை முதுகை மட்டும் காட்டியது. லெமூர் கூண்டுக்கு வந்ததும்தான் சசிரேகாவுக்கு உற்சாகம் பிறந்தது. நரி முகமும் வளையம் வளையமாக நீண்ட வாலுமாக, கைகளை விரித்து வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவள் தடுப்பில் சாய்ந்து லென்ஸை நீட்டினாள்.

ஒன்று இறங்கி வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்து வலையோரம் வரிசையாக உட்கார்ந்தன. தணல் நிறக் கண்கள். மூக்கின் ஈரம்கூடத் தெரிந்தது. எடுத்துக்கொண்டே இருந்தவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாம் அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் பார்த்தன.

திரும்பினாள். பாதை காலியாக இருந்தது.

"புஷ்பா, என் பின்னால யார்னா நிக்கறாங்களா?"

"யாரும் இல்லியே. இன்னாக்கா, மொகமெல்லாம் வேத்துக்கினு கீது?"

சசிரேகா நாலடி நகர்ந்தாள். கண்களும் நகர்ந்தன, அதே தோளுக்குப் பின்னால். குட்டியை முதுகில் சுமந்த தாய் லெமூர் அடித்தொண்டையில் ஏதோ முனகியது. உடனே எல்லாம், அந்த இடத்திலிருந்து பார்வையை எடுக்காமலே, பின்பக்கமாக மரத்தில் ஏறிக்கொண்டன.

மறுநாள் ஸ்டூடியோவில் படங்களைத் திறந்தாள். ஒரு லெமூரின் கண்ணைப் பெரிதாக்கினாள். அதற்குள் வலை தெரிந்தது. கேமராவோடு அவள் தெரிந்தாள். அவளை ஒட்டி இன்னொருவர் நின்றிருந்தார். ஆணா பெண்ணா புரியவில்லை. முகவாய்க்கட்டையிலிருந்து உச்சந்தலைவரை ஓடிய வெள்ளைக் கட்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

புஷ்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். புஷ்பா திரையைப் பார்த்தாள், பிறகு சசிரேகாவின் தோளைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். "மொதல்ல அத்த அழிக்கா."

எல்லாவற்றையும் அழித்தாள். புகைப்படப் போட்டிக்கு அனுப்ப நினைத்திருந்த தாய் லெமூர் படத்தையும் சேர்த்து.

தொழிலை விடவில்லை. ஆனால் இப்போது சாவு வீட்டில் கேமராவை எடுக்குமுன் நாற்காலியின் அருகே குனிந்து, "உங்கள படம் எடுக்கலாங்களா?" என்று மெதுவாகக் கேட்கிறாள். கொஞ்சம் காத்திருக்கிறாள். அழுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பார்கள். பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

சித்திரையில் கூரம் கிராமத்தில் ஒரு சாவு வீட்டில் அப்படிக் கேட்டவள், சட்டென்று நிமிர்ந்து லென்ஸை மூடினாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் இறந்தவரின் மகன்.

"வெளிச்சம் பத்தலீங்க" என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள்.